நிலைமின் இறக்கப் பாதுகாப்பு

நிலைமின் இறக்கப் பாதுகாப்பு என்பது, உடலிலும் கருவிகளிலும் சேரும் நிலைமின்சாரம் திடீரெனப் பாய்ந்து மின்னணு உறுப்புகளைச் சேதப்படுத்தாமல் காக்கும் முறைகளைக் குறிக்கும். சால்டரிங் எனப்படும் ஈயப் பற்றவைப்பின்போது உறுப்புகளின் முனைகளை விரலும் கருவியும் நேரடியாகத் தொடுவதால் இப்பாதுகாப்பு இன்றியமையாததாகும்.

சேதம் ஏற்படும் விதம்

இரு பொருட்கள் தொட்டுப் பிரியும்போது ஒன்றில் நேர்மின்னூட்டமும் மற்றதில் எதிர்மின்னூட்டமும் சேரலாம். நாற்காலியிலிருந்து எழுவதே இதற்குப் போதுமானது. வறண்ட காற்றில் இம்மின்னூட்டம் எளிதில் கசிந்து வெளியேறுவதில்லை.

மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டரின் வாயில் முனை, மெல்லிய சிலிக்கான் டைஆக்சைடு படலத்தால் காப்பிடப்பட்டுள்ளது. இப்படலம் ஒரு நானோமீட்டர் தடிப்புக்கு ஏறத்தாழ 1 வோல்ட் அளவே தாங்கும். அதனைக் கடந்தால் படலம் துளைக்கப்படும்.

மனிதர் பொறியை உணர ஏறத்தாழ 3000 வோல்ட் தேவை. சில உறுப்புகளோ 100 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்தில் பழுதடைகின்றன. எனவே, கையில் எதுவும் உணரப்படாதது சேதம் நேரவில்லை என்பதற்குச் சான்றாகாது. மேலும், பகுதியளவு சேதமடைந்த உறுப்பு சோதனையில் சரியாக இயங்கிப் பின்னர் செயலிழக்கலாம். இது மறை சேதம் எனப்படும்.

பல தொகுசுற்றுகளின் உள்ளீடுகளில் காப்பு டையோடுகள் அமைந்துள்ளன. இவை சேதத்தைக் குறைக்குமேயன்றி முற்றிலும் தடுப்பதில்லை.

பாதுகாப்பு முறைகள்

மனிதர், கருவி, மேசை, உறுப்பு ஆகிய அனைத்தையும் ஒரே மின்னழுத்த நிலையில் வைத்திருப்பதே அடிப்படைக் கொள்கையாகும்.

* மணிக்கட்டுப் பட்டை: இது உடலைப் புவியுடன் இணைக்கிறது. இதிலுள்ள 1 மெகாஓம் மின்தடை பயனருக்கான பாதுகாப்பாகும். தவறுதலாக 230 வோல்ட் மின்கம்பியைத் தொட்டாலும், பட்டையின் வழியே 0.23 மில்லிஆம்பியருக்கு மேல் பாயாது. ஆயினும், மின்னிணைப்பில் உள்ள கருவியைப் பழுதுபார்க்கும்போது பட்டையை அணியலாகாது.
* மேசை விரிப்பு: நிலைமின்சாரத்தை மெதுவாகக் கடத்தும் விரிப்பைப் பயன்படுத்திப் புவியிணைப்புச் செய்தல் வேண்டும்.
* பற்றவைப்புக் கோல்: நுனி புவியிணைப்புப் பெற்றதாக இருத்தல் வேண்டும். இணைப்பில்லாத கோலில் கசியும் மின்னோட்டமும் உறுப்பைப் பாதிக்கக்கூடும்.
* காப்புப் பொருட்கள்: சாதாரண நெகிழி, தெர்மாகோல் போன்றவற்றின் மின்னூட்டத்தைப் புவியிணைப்பால் நீக்க இயலாது. அவற்றை மேசையிலிருந்து அகற்றுவதே வழியாகும்.
* பைகள்: இளஞ்சிவப்பு நிற நெகிழிப் பை தான் மின்னூட்டம் பெறுவதைக் குறைக்கிறது. ஆனால் வெளியிலிருந்து வரும் மின்னிறக்கத்தைத் தடுப்பதில்லை. உலோகப் படலம் கொண்ட பையே அதனைத் தடுக்கும்.

பணி ஒழுங்கு

மின்தடைகள், மின்தேக்கிகள், தொகுசுற்றுக்கான தாங்கி ஆகியவற்றை முதலில் பற்றவைத்து, தொகுசுற்றை இறுதியில் பொருத்துவது நன்று. அதுவரை அதனைக் கறுப்பு நிறக் கடத்து நுரையில் செருகி வைக்கலாம். நுரை எல்லா முனைகளையும் ஒன்றோடொன்று இணைப்பதால் அவற்றிடையே மின்னழுத்த வேறுபாடு தோன்றுவதில்லை. நேரடியாகப் பற்றவைப்பதாயின் புவி முனையையும் மின்வழங்கல் முனையையும் முதலில் இணைக்கும் வழக்கம் உண்டு.