அமெரிக்காவில் முடிந்த ஆட்டம், பெய்ஜிங்கில் தொடங்கிய வாழ்வு: வெளிநாட்டில் விளையாடும் கூடைப்பந்து வீரர்களின் நிலையை விளக்கும் மார்பரியின் பயணம்

என்பிஏ எனப்படும் அமெரிக்கத் தொழில்முறை கூடைப்பந்து லீக்கில் இரண்டு முறை நட்சத்திர ஆட்டக்காரராகத் தேர்வானவர் ஸ்டெஃபான் மார்பரி. 32 வயதில் அங்கே அவருக்கு இடமில்லாமல் போனது. அடுத்த ஆறு ஆண்டுகளுக்குள், சீனத் தலைநகர் பெய்ஜிங்கின் அணி மூன்று முறை சாம்பியன் பட்டம் வெல்லக் காரணமாக இருந்தார். அந்நகரில் அவருக்குச் சிலையும் எழுப்பப்பட்டது. ஆண்டுதோறும் ஏராளமான அமெரிக்க வீரர்கள் வெளிநாட்டு அணிகளை நாடிச் செல்வது ஏன், அங்கே அவர்கள் எதிர்கொள்வது என்ன என்பதைப் புரிந்துகொள்ள மார்பரியின் பயணம் உதவுகிறது.

ஏன் வெளிநாடு செல்கிறார்கள்?

என்பிஏ லீக்கில் உள்ள அணிகள் 30. ஓர் அணிக்கு வழக்கமான ஒப்பந்த இடங்கள் 15. அதாவது, உலகெங்கிலும் உள்ள தலைசிறந்த வீரர்கள் போட்டியிடுவது ஏறத்தாழ 450 இடங்களுக்காக மட்டுமே. ஆண்டுதோறும் நடைபெறும் புதிய வீரர்கள் தேர்வில் அழைக்கப்படுவோர் சுமார் 60 பேர். அமெரிக்கக் கல்லூரி அணிகளில் விளையாடும் பல்லாயிரம் பேருடன் ஒப்பிட்டால் இது மிகச் சிறிய எண்ணிக்கை.

எஞ்சியவர்களில் தொழில்முறையாகத் தொடர விரும்புவோர் ஸ்பெயின், துருக்கி, இத்தாலி, இஸ்ரேல், ஆஸ்திரேலியா, சீனா போன்ற நாடுகளின் லீக்குகளுக்குச் செல்கின்றனர். தேர்வில் எந்த அணியாலும் அழைக்கப்படாத மைக் ஜேம்ஸ் என்ற வீரர் இவ்வாறு ஐரோப்பாவுக்குச் சென்றார். பின்னர் அவர் யூரோலீக் போட்டிகளின் வரலாற்றில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர் என்ற சாதனையைப் படைத்தார்.

ஆனால் மார்பரியின் நிலை வேறு. அவர் வாய்ப்புக் கிடைக்காமல் வெளிநாடு சென்றவர் அல்லர். வாய்ப்புகள் அனைத்தையும் பெற்று, அவற்றை இழந்தபின் சென்றவர்.

கோனி தீவிலிருந்து நிக்ஸ் வரை

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் உள்ள கோனி தீவில் 1977 பிப்ரவரி 20 அன்று மார்பரி பிறந்தார். ஏழு பிள்ளைகளில் ஆறாமவர். அவருடைய மூத்த சகோதரர்களும் கூடைப்பந்து வீரர்களே. குடும்பத்தில் ஒருவராவது என்பிஏ லீக்கை எட்டுவார் என்ற நம்பிக்கை இறுதியில் அவர்மீது வந்து நின்றது.

ஜார்ஜியா டெக் கல்லூரியில் ஓராண்டு மட்டுமே விளையாடிய அவர், 1996ஆம் ஆண்டுத் தேர்வில் நான்காவது வீரராக அழைக்கப்பட்டார். அன்றே மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். பின்னர் நியூ ஜெர்சி நெட்ஸ், ஃபீனிக்ஸ் சன்ஸ் அணிகளில் ஆடிய அவர், 2004 ஜனவரியில் சொந்த நகரின் நியூயார்க் நிக்ஸ் அணிக்கு வந்து சேர்ந்தார்.

அவர் ஆடிய இடம் 'பாயிண்ட் கார்டு' எனப்படுவது. பந்தை எதிரணிப் பக்கம் கொண்டு சென்று, எந்த வீரருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவெடுப்பவர் இவரே. பதிமூன்று பருவங்களில் ஆட்டத்துக்குச் சராசரியாக 19.3 புள்ளிகளும், சக வீரர்கள் புள்ளியெடுக்க உதவிய 7.6 பந்துகளும் அவர் கணக்கில் உள்ளன. எனினும், அவர் முன்னின்று நடத்திய எந்த அணியும் பிளே-ஆஃப் முதல் சுற்றைக் கடக்கவில்லை. தனக்காக ஆடுபவர், அணிக்காக ஆடாதவர் என்ற விமர்சனம் அவரைத் தொடர்ந்தது.

நிக்ஸ் அணியில் அடுத்தடுத்து வந்த பயிற்சியாளர்களுடன் அவருக்குக் கருத்து வேறுபாடு முற்றியது. 2006இல் அவர் தம் பெயரில் வெளியிட்ட, வெறும் 14.98 டாலர் விலையுள்ள காலணி ஏழைச் சிறுவர்களிடையே வரவேற்பைப் பெற்றது. ஆனால் அதை விற்ற கடை நிறுவனம் 2008இல் திவாலானது. அதற்கு முன்பே, 2007 டிசம்பரில், நிக்ஸ் அணியின் ஆட்டத்தைக் காண அரங்குக்கு வந்திருந்த அவருடைய தந்தைக்கு நெஞ்சுவலி ஏற்பட்டு உயிர் பிரிந்தது. ஆட்டம் முடிந்த பிறகே மகனுக்குச் செய்தி தெரிவிக்கப்பட்டது.

2008-09 பருவத்தில் ஏறத்தாழ 2 கோடி டாலர் ஊதியம் இருந்தும், நிக்ஸ் அணி அவரைக் களமிறக்கவில்லை. 2009 பிப்ரவரியில் விடுவிக்கப்பட்ட அவர், பருவத்தின் எஞ்சிய பகுதியில் பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்காக ஆடினார். அதுவே அவரது கடைசி என்பிஏ பருவம். அந்தக் காலகட்டத்தில் கடும் மன அழுத்தத்தில் வாழவே விருப்பமின்றி இருந்ததாகப் பின்னாளில் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில் அவரே தெரிவித்தார்.

சீனாவில் முதல் ஆண்டுகள்

2010 ஜனவரியில் சீன லீக்கின் ஷான்ஸி அணியில் மார்பரி சேர்ந்தார். நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பெயர்பெற்ற அம்மாகாணத்தின் தலைநகர் தையுவானில் குளிர்காலம் கடுமையானது. ஊதியமோ அவர் முன்பு பெற்றதில் சிறு பகுதியே.

சீன லீக்கின் அமைப்பும் வேறானது. அக்காலத்தில் 17 அணிகள் இருந்தன. அணிக்கு 32 லீக் ஆட்டங்கள். என்பிஏ லீக்கில் ஓர் அணி ஆடுவது 82 ஆட்டங்கள். அப்போது ஓர் அணியில் பொதுவாக இரண்டு வெளிநாட்டு வீரர்களுக்கே இடம் இருந்தது என்பதால், அவர்களிடம் எதிர்பார்ப்பு மிக அதிகம். சில ஆட்டங்கள் சரியாக அமையாவிட்டாலும் அணி நிர்வாகம் வேறொருவரை வரவழைத்துவிடும். பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஒரு பருவத்துக்கு மட்டுமானவை.

மார்பரிக்கும் இந்த நிலையற்ற தன்மை நேர்ந்தது. ஷான்ஸி அணி அவரைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த பருவத்தில் தெற்கே ஃபோஷான் அணிக்குச் சென்றார், அங்கும் ஓராண்டுதான். 2011இல் பெய்ஜிங் டக்ஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்தபோது, அவருக்கு வயது 34. அந்த அணியோ அதுவரை லீக் பட்டம் எதையும் வென்றதில்லை.

மூன்று பட்டங்கள்

2012 அரையிறுதியில், தம்மை விலக்கிய ஷான்ஸி அணியையே மார்பரி எதிர்கொண்டார். கடுமையான போராட்டத்துக்குப் பின் பெய்ஜிங் அணி 3-2 என வென்றது. இறுதிப் போட்டியில் எதிரே நின்றது, முந்தைய நான்கு ஆண்டுகளும் பட்டம் வென்றிருந்த குவாங்டாங். அதை 4-1 என்ற கணக்கில் பெய்ஜிங் வீழ்த்தியது. பட்டத்தை உறுதி செய்த கடைசி ஆட்டத்தில் மார்பரி மட்டும் 41 புள்ளிகள் எடுத்தார்.

அதே ஆண்டில், பெய்ஜிங் அணியின் சொந்த அரங்குக்கு வெளியே அவருக்குச் சிலை வைக்கப்பட்டது. 2014இல் ஜின்ஜியாங் அணியையும் 2015இல் லியாவ்னிங் அணியையும் வென்று பெய்ஜிங் மீண்டும் பட்டம் பெற்றது. 2015 இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் விருது மார்பரிக்கு வழங்கப்பட்டது. அவருடைய வாழ்க்கையைத் தழுவிய இசை நாடகம் 2014இல் அரங்கேறியது. அதில் அவரே நடித்தார். பெய்ஜிங் நகரம் அவருக்குக் கௌரவக் குடிமகன் தகுதி அளித்தது. பின்னர், வெளிநாட்டவருக்கு அரிதாகவே கிடைக்கும் சீன நிரந்தர வசிப்புரிமை அட்டையும் வழங்கப்பட்டது.

வேறுபாடு எங்கே?

2011இல் என்பிஏ உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் இடையே ஊதியத் தகராறு ஏற்பட்டு ஆட்டங்கள் நின்றபோது, ஜே.ஆர். ஸ்மித், வில்சன் சாண்ட்லர், கென்யன் மார்ட்டின் ஆகியோரும் சீனாவுக்குச் சென்றனர். பாதியில் திரும்பிச் செல்ல வழிவிடும் ஒப்பந்தங்களைச் சீன லீக் ஏற்கவில்லை. எனவே அவர்களால் உடனே திரும்பி ஆட முடியவில்லை. அவர்களுக்குச் சீனா ஓர் இடைத்தங்கல். மார்பரிக்குத் திரும்பிச் செல்ல இடம் இல்லை. அவர் தங்கிவிட முடிவு செய்தார். பெய்ஜிங்கில் சுரங்க ரயிலில் மக்களோடு பயணம் செய்தார். உள்ளூர் வீரர்களுக்கு வழிகாட்டினார். அமெரிக்காவில் சுயநலவாதி எனப்பட்டவரை, பெய்ஜிங் ரசிகர்கள் தம் நகரத்தவராகவே கருதினர்.

எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. மொழி தெரியாத நகரில் தனிமை, குடும்பத்தைப் பிரிந்த வாழ்க்கை, காயம் ஏற்பட்டால் ஒப்பந்தம் முறியும் அச்சம் ஆகியவை வெளிநாட்டில் ஆடும் வீரர்களுக்குப் பழகியவை. ஊதியம் தாமதமாவது அல்லது கிடைக்காமல் போவது இன்னொரு பெரிய பிரச்சினை. இத்தகைய வழக்குகளைத் தீர்ப்பதற்காகவே சர்வதேசக் கூடைப்பந்து கூட்டமைப்பு 2007இல் தனி நடுவர் தீர்ப்பாயத்தை ஏற்படுத்தியது என்பது குறிப்பிடத்தக்கது.

ஓய்வும் அதன் பின்னும்

2017இல் பெய்ஜிங் டக்ஸ் அணி, விளையாடுவதை நிறுத்திவிட்டுத் துணைப் பயிற்சியாளராகத் தொடருமாறு மார்பரியைக் கேட்டுக்கொண்டது. இன்னும் ஆட விரும்பிய அவர், அதே நகரின் மற்றோர் அணியில் ஒரு பருவம் ஆடி, 2018 பிப்ரவரி 11 அன்று ஓய்வு பெற்றார். 41ஆவது பிறந்தநாளுக்கு அப்போது ஒன்பது நாட்களே இருந்தன. 2019இல் அந்த அணிக்கே தலைமைப் பயிற்சியாளரானார்.

2020ஆம் ஆண்டு வசந்த காலத்தில் கொரோனா தொற்று நியூயார்க்கை உலுக்கியபோது, மருத்துவமனை ஊழியர்களுக்காகச் சீனாவிலிருந்து ஒரு கோடி முகக்கவசங்களை 2.75 டாலர் என்ற அடக்க விலைக்கே அனுப்பி வைக்க மார்பரி முயற்சி மேற்கொண்டார். அவரைக் கைவிட்ட நகரம் அது. அவருடைய குடும்பத்தினரும் அவருடன் வளர்ந்தவர்களும் வாழும் நகரமும் அதுவே.