கூரை மேலுள்ள டிஷ்ஷும் புவித்தொடுப்பும்

வானொலிக்கு நீண்ட கம்பி கட்டிய காலத்தில், இடி முழங்கத் தொடங்கியதும் சுவிட்சொன்றைத் திருப்பி அக்கம்பியைப் புவியோடு இணைக்கும் வழக்கம் வீடுகளில் இருந்தது. இன்று கூரைமேல் செய்மதி டிஷ் நிற்கின்றது. அவ்வழக்கம் மறைந்துவிட்டது; மின்னல் மறையவில்லை. இலங்கையில் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் வேளைகளில் இடிமழை மிகுதி.

புவித்தொடுப்பு மின்னலை அழைக்கும் என்று அஞ்சுவாருமுளர்; முற்றாகத் தடுத்துவிடும் என்று நம்புவாருமுளர். இரண்டும் பிழை. அயலில் விழும் மின்னலால் கம்பியில் எழும் மின்னை வீட்டினுட் புகவிடாது மண்ணுக்குச் செலுத்துவதே அதன் பணி. டிஷ்ஷின் மீதே மின்னல் விழுந்தால் தீங்கைக் குறைக்கும், முழுக்காப்பு அளிக்காது.

செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, டிஷ் நிற்கும் இரும்புக் குழாயிலிருந்து 16 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியை, கூரிய வளைவின்றி, வீட்டின் வெளிப்புறமாகவே கீழே இறக்குதல். இணைக்கும் இடத்தில் வர்ணத்தைச் சுரண்டுதல் வேண்டும். செம்பு நாகப்பூச்சை நேரே தொட்டால் ஈரத்தில் அரிப்புண்டாகும். ஆதலின் அதற்கேற்ற பிடியைப் பயன்படுத்துக. இரண்டாவது, தொலைக்காட்சிக் கம்பி வீட்டினுள் நுழையுமிடத்தில் அதன் வெளிவலையைப் புவியோடு இணைத்தல். நடுக்கம்பியை இணைத்தலாகாது. மூன்றாவது, இவையிரண்டையும் வீட்டு மின்னிணைப்பின் பிரதான புவித்தொடுப்போடு சேர்த்தல்.

பலர் தவறுவது இம்மூன்றாவதிலேயே. டிஷ்ஷுக்கெனத் தனியே ஒரு கோலை அறைந்து, அதனோடு அமைந்துவிடுகின்றனர். மின்னலொன்றில் 30,000 அம்பியர் பாய்வதும், கோலின் தடை 10 ஓம் ஆவதும் இயல்பே. அப்போது கோலின் தலையில் 3,00,000 வோல்ற்று எழும். வீட்டு மின்கம்பிகளோ வேறொரு கோலைச் சார்ந்தவை. அவ்விரண்டிற்குமிடையே அகப்படுவது தொலைக்காட்சிப் பெட்டியும் அதைத் தொடுபவருமே. கோல்களைத் தடித்த செப்புக் கம்பியால் இணைத்துவிடின், எல்லாம் ஏறக்குறைய ஒருங்கே உயரும். ஒரே மின்கம்பியில் அமர்ந்த காகத்திற்குத் தீங்கு நேராமையும் இதனாலேயே.

கோலை ஈரம் தங்கும் மண்ணில் அறைக. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் பாறையில் அது எளிதில் இறங்காது. அங்கு தகுந்த இடமறிதல் தேர்ந்தவர் வேலை. தண்ணீர்க் குழாயை நம்பற்க. இன்றைய பிளாஸ்திக் குழாய் மின்னைக் கடத்தாது. பிரதான புவித்தொடுப்பில் கைவைக்கும் பணியைத் தகுதிபெற்ற மின்தொழிலாளரிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

இத்தனையும் செய்தபின்னும் ஒரு கடமை எஞ்சும். வானம் கறுக்கும்போதே மின்கம்பி, டிஷ் கம்பி இரண்டையும் பெட்டியிலிருந்து கழற்றிவிடுக. இடி கேட்டபின் கழற்ற ஓடுதல் ஆகாது. பெட்டி போனால் வேறொன்று வாங்கலாம்; கம்பியைப் பிடித்திருக்கும் பிள்ளையின் உயிருக்கு ஈடில்லை.