விசில் ஊதும்வரை – 9: வெம்பிளியின் சாபம்

இன்றைக்கு ஒரு கால்பந்துப் போட்டியின் எழுபதாவது நிமிடத்தில் பயிற்சியாளர் மூன்று பேரை ஒரே மூச்சில் மாற்றினாலும் நாம் கண்டுகொள்வதில்லை. கோட்டோரம் நிற்கும் அதிகாரி எண் ஒளிரும் பலகையைத் தூக்குவார். மூவர் வெளியே வருவார்கள், மூவர் உள்ளே ஓடுவார்கள். 1965 வரை இங்கிலாந்தின் லீக் ஆட்டங்களிலோ கோப்பை ஆட்டங்களிலோ இந்தப் பேச்சே கிடையாது. பதினோரு பேர் இறங்கினால் அந்தப் பதினோரு பேர்தான் கடைசிவரை. ஒருவருக்குக் கால் ஒடிந்தால் மீதிப் பத்துப் பேர் சமாளிக்க வேண்டும். வெறும் சுளுக்கு என்றால் ஆளை வெளியே அனுப்பவும் மாட்டார்கள். விங்கில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். நொண்டிக்கொண்டு நின்றால்கூட எதிரணியில் ஒருவர் அவர்மீது ஒரு கண் வைத்துத்தானே ஆகவேண்டும் என்று ஒரு கணக்கு.

இதே இங்கிலாந்துதான் கிரிக்கெட்டில் காயம்பட்டவருக்குப் பதிலாக ஃபீல்டிங் செய்ய பன்னிரண்டாம் ஆளை அனுமதித்தது. கால்பந்து என்றால் மட்டும் மனம் இறங்கவில்லை. பொய்க் காயம் காட்டிக் களைத்தவரை வெளியே எடுப்பார்கள், புதிய கால்களை உள்ளே விடுவார்கள் என்பது எதிர்த்தவர்களின் வாதம்.

சாதாரண லீக் ஆட்டத்தில் இதன் கொடுமை அவ்வளவாக உறைக்காது. அடுத்த சனிக்கிழமை இன்னோர் ஆட்டம் இருக்கிறது. எஃப்.ஏ. கோப்பை அப்படியல்ல. 1871-72இல் தொடங்கிய அந்த நாக் அவுட் போட்டியில் தோற்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். எத்தனையோ சுற்றுகளைத் தாண்டி, லட்சம் பேர் கூடும் வெம்பிளி அரங்கத்துக்கு வந்து சேர்ந்த பிறகு, இருபதாவது நிமிடத்தில் ஒருவருக்கு முழங்கால் திருகிக்கொண்டால் அந்த அணியின் வருடமே அங்கே முடிந்தது. 1952 முதல் 1961 வரையிலான பத்து இறுதிப் போட்டிகளில் குறைந்தது எட்டில் ஏதோ ஓர் அணி ஆள் குறைந்தோ, அடிபட்டவரைச் சுமந்துகொண்டோ ஆடியிருக்கிறது. பத்திரிகைகள் இதை வெம்பிளியின் சாபம் என்றன. அரங்கத்தின் புல் மிகவும் அடர்த்தி, கால் புதைந்துபோகிறது என்று சிலர் தரையைக் குறைசொன்னார்கள். எனக்கென்னவோ அந்தப் புல்லின்மேல் பழி போட்டது அநியாயமாகத்தான் படுகிறது.

1952இல் ஆர்சனலின் வாலி பார்ன்ஸ் முழங்கால் திருகி வெளியேறினார். பத்துப் பேரோடு ஆர்சனல் கடைசிவரை போராடியது, ஆறு நிமிடம் மீதியிருக்கும்போது நியூகாசிலின் ஜார்ஜ் ரோப்ளேடோ கோல் அடித்தார். அடுத்த ஆண்டு நடந்ததுதான் ஸ்டான்லி மேத்யூஸ் பெயரால் இன்றும் அழைக்கப்படும் இறுதிப் போட்டி. 1-3 என்று பின்தங்கிய பிளாக்பூல் 4-3 என்று வென்றது. முப்பத்தெட்டு வயது மேத்யூஸ் வலது விங்கில் காட்டிய ஜாலத்தைப் பாராட்டாதவர் இல்லை, நானும் பாராட்டுகிறேன். ஆனால் அவரை எதிர்கொண்ட போல்டன் அணியின் இடது பக்கம் எந்த நிலையில் இருந்தது? இடது ஹாஃப் ஆட்டக்காரர் எரிக் பெல் ஆரம்பத்திலேயே தொடைத் தசை இழுத்துக்கொண்டு விங்கில் நொண்டிக்கொண்டிருந்தார். அந்தக் காலோடு எம்பித் தலையால் ஒரு கோலும் அடித்தார் என்பது வேறு கதை. இடது பின்களத்தில் நின்ற ரால்ஃப் பேங்க்ஸுக்குக் கடைசி நேரத்தில் காலில் குரக்களி. மாற்று ஆட்கள் இரண்டு பேர் இருந்திருந்தால் அந்த ஆட்டத்துக்கு மேத்யூஸ் பெயர் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

1955இல் மான்செஸ்டர் சிட்டியின் ஜிம்மி மெடோஸ். ஒரு மாதம் முன்புதான் இங்கிலாந்து அணிக்காக முதல்முறை ஆடியவர். இருபது நிமிடம் ஆகும் சமயம் முழங்கால் போயிற்று. நியூகாசில் 3-1 என்று வென்றது. மெடோஸ் அதன் பிறகு ஆடவே இல்லை.

தோற்ற சிட்டியின் கோலில் அன்று நின்றவர் பெர்ட் டிராவுட்மன். பிரெமன் நகரத்தில் பிறந்த ஜெர்மானியர். உலகப் போரில் ஹிட்லரின் படையில் பாராசூட் வீரர், கிழக்கு முனையில் சண்டையிட்டு இரும்புச் சிலுவை பதக்கம் வாங்கியவர். பிரிட்டிஷாரிடம் சிக்கி, லங்காஷயரில் போர்க்கைதி முகாமில் இருந்தார். விடுதலை கிடைத்தும் ஊர் திரும்பவில்லை. 1949இல் சிட்டி அவரை ஒப்பந்தம் செய்தபோது இருபதாயிரம் பேர் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். போர் முடிந்து நான்கே ஆண்டுகள், யூதர்கள் நிறைய வாழும் நகரம், கோபம் வந்ததில் வியப்பில்லை. நார்மண்டியில் போரிட்டவரான அணித்தலைவர் எரிக் வெஸ்ட்வுட், இந்த அறைக்குள் போர் கிடையாது என்று சொல்லிப் புதியவரை வரவேற்றார். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவரான மான்செஸ்டரின் யூத மதகுரு அலெக்சாண்டர் ஆல்ட்மன், ஒரு நாட்டின் குற்றத்துக்கு ஒரு தனிமனிதனைத் தண்டிக்கலாகாது என்று வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். மீதியை டிராவுட்மனின் கைகள் பார்த்துக்கொண்டன. 1956இல் இங்கிலாந்தின் கால்பந்து எழுத்தாளர்கள் அவரை ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த விருதைப் பெற்ற முதல் கோல்கீப்பர் அவர்தான்.

அதே 1956, மே 5. சிட்டி மறுபடியும் இறுதிப் போட்டியில். எதிரே பர்மிங்ஹாம் சிட்டி. கட்டி வந்து மான்செஸ்டரின் பில் ஸ்பர்டில் படுத்துவிட்டதால் டான் ரீவிக்கு இடம் கிடைத்தது. முன்களத்துக்கான சட்டையைப் போட்டுக்கொண்டு நடுக்களத்துக்கு இறங்கி ஆடும் உத்தியை ஹங்கேரிக்காரர்களிடமிருந்து எடுத்து இங்கிலாந்தில் பழக்கியவர் அவர். மூன்றாவது நிமிடத்தில் ரீவி குதிகாலால் தட்டிவிட, ஜோ ஹேய்ஸ் கோல் அடித்தார். பர்மிங்ஹாமின் நோயல் கின்சி சமன் செய்தார். இரண்டாம் பாதியில் ஜாக் டைசனும் பாபி ஜான்ஸ்டனும் அடுத்தடுத்து அடிக்க, 3-1.

பதினேழு நிமிடம் மிச்சம். பர்மிங்ஹாமின் பீட்டர் மர்ஃபி பந்தை விரட்டிக்கொண்டு வந்தார். டிராவுட்மன் தன் வழக்கப்படி தலையை முன்னே நீட்டி அவர் காலடியில் பாய்ந்தார். மர்ஃபியின் முழங்கால் கழுத்தில் இடித்தது. பந்து கையில், ஆள் நினைவில்லாமல் தரையில். பயிற்சி உதவியாளர் வாளித் தண்ணீரும் ஸ்பாஞ்சுமாக ஓடிவந்தார். அன்றைக்கு இருந்த வைத்தியம் அதுதான். பின்களத்து ராய் லிட்டிலைக் கோலில் நிறுத்தலாமா என்று அணித்தலைவர் ராய் பால் யோசித்தார். டிராவுட்மன் கேட்கவில்லை, எழுந்து நின்றார். அதற்குப் பிறகும் பாய்ந்து பந்தைத் தடுத்தார். சொந்த அணியின் டேவ் யூயிங்மீதே மோதி மறுபடி விழுந்தார். எல்லாம் புகைமூட்டமாகத் தெரிந்தது என்று பின்னாளில் சொன்னார். பதக்கம் வாங்கப் படியேறியபோது அவர் கழுத்து கோணியிருப்பதை இளவரசர் பிலிப் கவனித்துக் கேட்டார்.

லண்டனில் பார்த்த மருத்துவர்கள் பிடிப்பு, சரியாகிவிடும் என்றார்கள். நான்கு நாள் கழித்து மான்செஸ்டரில் எக்ஸ்ரே எடுத்தபோதுதான் தெரிந்தது. கழுத்தெலும்புகள் ஐந்து இடம் பெயர்ந்திருந்தன. இரண்டாவது எலும்பு இரண்டாகப் பிளந்திருந்தது. மூன்றாவது எலும்பு அதோடு இறுகிச் சிக்கிக்கொண்டதால்தான் உயிர் தப்பியது.

எழுபது ஆண்டுகளாக இந்தக் கதையை வீரக் கதையாகவே சொல்லி வருகிறார்கள். டிராவுட்மன் வீரர் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அவருக்கு இருந்த வழி என்ன? அவர் வெளியேறினால், கோல் காத்துப் பழகாத லிட்டில் கோலில் நிற்க, மொத்தம் பத்துப் பேர். ஒரே ஒரு மாற்று ஆள் இருந்திருந்தால்கூடப் பதினோரு பேர் களத்தில் நின்றிருப்பார்கள், கழுத்து ஒடிந்த மனிதரை ஓரமாகப் படுக்கவைத்திருக்கலாம். விதி கட்டாயப்படுத்திய ஒன்றுக்கு வீரம் என்று பெயர் வைத்துக் கைதட்டியதால், விதியை யாரும் கேள்வி கேட்கவில்லை.

மறுவருடம் மான்செஸ்டர் யுனைடெட்டின் முறை. ஆறாவது நிமிடத்தில் ஆஸ்டன் வில்லாவின் பீட்டர் மெக்பார்லண்ட் இடித்ததில் கோல்கீப்பர் ரே வுட்டின் கன்ன எலும்பு உடைந்தது. பின்களத்து ஜாக்கி பிளாஞ்ச்ஃபிளவர் கோலில் நிற்க, இடித்த மெக்பார்லண்டே இரண்டு கோல் அடித்து வில்லாவுக்குக் கோப்பையைக் கொடுத்தார். 1959இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டின் ராய் டுவைட் முதல் கோலை அடித்துவிட்டுக் கால் ஒடிந்து போனார், மீதியை மருத்துவமனைத் தொலைக்காட்சியில் பார்த்தார். பாடகர் எல்டன் ஜானின் உறவினர் இவர். 1961இல் லெஸ்டரின் லென் சால்மர்ஸ்.

கடைசிப் பலி 1965இல். லிவர்பூலின் ஜெர்ரி பர்னுக்கு மூன்றாவது நிமிடத்தில் தோள்பட்டைக் காறை எலும்பு ஒடிந்தது. லீட்ஸ் அணிக்குத் தெரியக்கூடாது என்று மறைத்துவிட்டார்கள். கூடுதல் நேரத்தையும் சேர்த்து 120 நிமிடமும் ஆடினார் மனிதர். முதல் கோலுக்குப் பந்தை அனுப்பியவரும் அவரே. லிவர்பூல் முதன்முறையாகக் கோப்பையை வென்றது.

அந்த ஆகஸ்டிலேயே லீக் ஆட்டங்களில் காயத்துக்கு ஒரு மாற்று ஆள் என்ற விதி வந்தது. சார்ல்டனின் கீத் பீகாக் முதலில் இறங்கினார். எது நிஜக் காயம், எது நடிப்பு என்று பிரிக்க முடியாமல் சீக்கிரமே எந்தக் காரணத்துக்கும் மாற்றலாம் என்று தளர்த்தினார்கள். எதிர்த்தவர்கள் பயந்தது நடந்துவிட்டது, ஆனால் கால்பந்து அழிந்துவிடவில்லை. கோப்பையின் இறுதிப் போட்டியில் முதன்முதலாக மாற்று ஆளாக இறங்கியவர் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனின் டென்னிஸ் கிளார்க், 1968இல்.

நடுவே ஒருவரை வேண்டுமென்றே விட்டுவைத்தேன். 1960 இறுதிப் போட்டியில் இடைவேளைக்குச் சற்று முன் பிளாக்பர்ன் அணியின் டேவ் வீலனுக்குக் கால் ஒடிந்தது. பத்துப் பேரான பிளாக்பர்ன் வுல்வ்ஸிடம் 0-3 என்று தோற்றது. பெரிய ஆட்டக்காரராக வரவேண்டியவர் அத்தோடு இறங்குமுகம். வீலன் வியாபாரத்துக்குப் போனார். சந்தைக் கடையில் தொடங்கி, விளையாட்டுப் பொருள் கடைகள் நாடெங்கும் வைத்துப் பணக்காரர் ஆனார். 1995இல், நான்காம் அடுக்கில் கிடந்த விகன் அத்லெட்டிக் சங்கத்தை வாங்கினார்.

2013, மே 11. எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டி, விகன் எதிர் மான்செஸ்டர் சிட்டி. விகன் அணியின் முன்னால் நடந்து மைதானத்துக்குள் வந்தார் எழுபத்தாறு வயது வீலன். தொண்ணூறு நிமிடம் கோலில்லை. கூடுதலாகக் கொடுத்த நேரத்தில் வந்த கார்னர் பந்தைத் தலையால் வலைக்குள் தள்ளிக் கோப்பையை விகனுக்குக் கொடுத்தவர் பென் வாட்சன். ஆறு மாதம் முன்பு கால் ஒடிந்து கிடந்தவர். அன்று எண்பத்தொன்றாவது நிமிடத்தில் மாற்று ஆளாக இறங்கியவர்.

(தொடரும்)