வீட்டுவரி பாக்கியும் குடியிருப்போரும்

தில்லியில் வாடகைக்கு இருக்கும் நம்மவர் பலர், வீட்டுவரி என்பது வீட்டுக்காரரின் கவலை என்று இருந்துவிடுகின்றனர். அது முற்றும் சரியன்று.

தில்லி மாநகராட்சிக்கான 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வரி செலுத்தப்படாவிடில் முதலில் கேட்பு அறிவிப்பு வரும். பின்னர் அபராதம், தட்டுமுட்டுச் சாமான்களின் ஜப்தி. கட்டடத்தையே ஜப்தி செய்து விற்பதும் உண்டு. உடுக்கும் துணி, படுக்கை, சமையற் பாத்திரங்கள், தொழிலாளியின் கருவிகள் போன்றவற்றைத் தொடலாகாது. சட்டத்திற்கும் சிறிது ஈரம் உண்டு போலும்!

குடியிருப்பவர் கவனிக்க வேண்டியது வேறு. வீட்டுக்காரர் பாக்கி வைத்தால், வாடகையைத் தன்னிடமே செலுத்துமாறு மாநகராட்சி குடியிருப்பவருக்கு அறிவிப்பு அனுப்பலாம். இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. செலுத்திய தொகை வாடகைக் கணக்கில் வரவாகும். ரசீதைப் பத்திரப்படுத்துக. அறிவிப்பைப் பெட்டியில் வைத்துவிட்டு, வழக்கம்போல் வீட்டுக்காரரிடம் கொடுப்பதே ஆபத்து: அத்தொகையை உங்களிடமே வரிபாக்கியைப் போல வசூலிக்க இடமுண்டு.

சொந்தமாக வீடு வாங்க எண்ணுவோர், கிரயத்திற்கு முன்பே வரி ரசீதுகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும். நிலவரி நீங்கலாக, இவ்வரிக்கே அச்சொத்தின்மீது முதற் பாத்தியம். பாக்கி இருந்தது தெரியாது என்று பிறகு சொல்வதற்கு நீதிமன்றப் படியேற நேரும். விற்றவரும், கைமாற்றத்தை மாநகராட்சிக்கு எழுதித் தெரிவிக்கும்வரை வரிப் பொறுப்பினின்று நீங்கார்.