புட்டி ஏன் பாதியில கட் ஆகுது?

ஹாஸ்டல் ரூம்ல உட்கார்ந்துகிட்டு லேப்ல இருக்கிற லினக்ஸ் சர்வர்ல ப்ராஜெக்ட் ஓட்டுறவங்க நம்மில் நிறைய பேர். விண்டோஸ் லேப்டாப் என்றால் கையில் இருப்பது பெரும்பாலும் புட்டிதான். சைமன் டாதம் என்ற பிரிட்டிஷ் புரோகிராமர் எழுதி 1999-இல் வெளியிட்ட இலவச மென்பொருள். ஹோஸ்ட் நேம், போர்ட் 22, ஓப்பன். இதோட நிறுத்திக்கிறோம். ஆனா ராத்திரி 11 மணிக்கு ஆரம்பிச்ச சிமுலேஷன் நடுராத்திரி கனெக்‌ஷனோட சேர்ந்து செத்துப் போச்சுன்னா, காலையில ரிவ்யூவுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது.

முதல்ல கனெக்ட் ஆகாத கதை. புட்டி காட்டும் எரர் மெசேஜைப் படிக்காமலே க்ளோஸ் பண்ணிடுறோம். பாதி விடை அதிலேயே இருக்கு. 'கனெக்‌ஷன் டைம்ட் அவுட்' என்றால் நாம அனுப்பினதுக்குப் பதிலே வரவில்லை. ஐபி தப்பா இருக்கலாம், சர்வர் ஆஃப்ல இருக்கலாம், நடுவில் ஃபயர்வால் தடுத்திருக்கலாம். மொபைல் டேட்டாவுல இருந்து காலேஜ் உள் நெட்வொர்க் ஐபிக்குப் போக முயன்றாலும் இதேதான், விபிஎன் போட்டாகணும். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்' வேற. பெரும்பாலும் மெஷின் உயிரோட இருக்கு, பதிலும் சொல்லுது, ஆனா அந்த போர்ட்ல யாரும் கேட்கலை. எஸ்எஸ்எச் சர்வீஸ் ஓடவில்லை, இல்லைன்னா போர்ட் நம்பரை மாத்தி வச்சிருக்காங்க. 'ஆக்சஸ் டினைட்' வந்தா நெட்வொர்க்கைத் திட்டாதீங்க. யூசர் நேம் அல்லது பாஸ்வேர்டுதான் பிரச்சினை. யூசர் நேம்ல கேப்பிடல், ஸ்மால் வித்தியாசம் உண்டு. பாஸ்வேர்ட் அடிக்கும்போது ஸ்க்ரீன்ல ஒரு புள்ளிகூட வராது, அது கோளாறு இல்லை.

இனி பாதியில் கட் ஆகும் விஷயம். நம்ம லேப்டாப்புக்கும் சர்வருக்கும் நடுவில் இருக்கும் ரவுட்டர், ஒவ்வொரு கனெக்‌ஷனையும் ஒரு டேபிள்ல குறிச்சு வச்சிருக்கும். கொஞ்ச நேரம் எந்த டேட்டாவும் போகலைன்னா அந்த வரியை அழிச்சிடும். இரண்டு பக்கமும் கனெக்‌ஷன் இருக்குன்னு நம்பிக்கிட்டே இருக்கும். அடுத்த கீயைத் தட்டும்போதுதான் விஷயம் தெரியும். இதுக்கு, 'கனெக்‌ஷன்' பக்கத்துல 'செகண்ட்ஸ் பிட்வீன் கீப்அலைவ்ஸ்' என்ற கட்டத்தில் 0 இருக்கும், அதை 30 அல்லது 60 ஆக்குங்க. புட்டி அவ்வப்போது ஒரு சின்ன பாக்கெட் அனுப்பி 'நான் இருக்கேன்'னு சொல்லும்.

மாத்தினது அடுத்த தடவை காணாம போகுதா? முதல்ல சேவ் பண்ண செஷனை செலக்ட் பண்ணி 'லோட்' கொடுக்கணும், அப்புறம் மாத்தணும், திரும்ப 'செஷன்' பக்கத்துக்கு வந்து 'சேவ்' அழுத்தணும். இந்த வரிசையை இவ்வளவு சுத்தி வளைச்சு வச்சதுக்கு டாதமைக் கொஞ்சம் கோவிச்சுக்கலாம்.

ஆனா கீப்அலைவ் பாதி மருந்துதான். வைஃபை போனா, லேப்டாப் ஸ்லீப்புக்குப் போனா அது என்ன செய்யும்? டெர்மினல் மூடினதும் அதில் ஓடின புரோகிராமுக்கு 'ஹேங்அப்' என்ற சிக்னல் போகும். மோடம் காலத்தில் போன் லைன் கட் ஆனதைச் சொல்ல வந்த பெயர் அது. வேற ஏற்பாடு இல்லாத புரோகிராம் அதோட முடிஞ்சிடும். அதனால நீளமான வேலையை டிமக்ஸ் உள்ளே ஆரம்பிங்க. கன்ட்ரோல்-பி அழுத்திட்டு டி தட்டினா வெளியே வந்துடலாம். வேலை சர்வர்ல ஓடிட்டே இருக்கும். மறுபடி லாகின் பண்ணி 'டிமக்ஸ் அட்டாச்' கொடுத்தா விட்ட இடத்திலேயே நிற்கலாம். சர்வரே ரீஸ்டார்ட் ஆனா மட்டும் இதுவும் கைவிடும்.

ஸ்க்ரீன் உறைஞ்சு போய் எதை அடிச்சாலும் வரலைன்னா, விண்டோவை மூடுறதுக்கு முன்னாடி கன்ட்ரோல்-க்யூ தட்டிப் பாருங்க. சேவ் பண்ற பழக்கத்துல கன்ட்ரோல்-எஸ் அழுத்தியிருப்பீங்க. டெர்மினலுக்கு அது 'நிறுத்து' என்று அர்த்தம். கோடுகளுக்குப் பதிலா விசித்திர எழுத்துகள் வந்தா, 'விண்டோ'வுக்குக் கீழே 'ட்ரான்ஸ்லேஷன்'ல யூடிஎஃப்-8 இருக்கான்னு பாருங்க.

கடைசியா, நாம கண்ணை மூடிட்டு 'அக்செப்ட்' கொடுக்கும் அந்த ஹோஸ்ட் கீ எச்சரிக்கை. முதல் தடவை கனெக்ட் பண்ணும்போது அது வருவது இயல்பு. முடிந்தால் அந்த ஃபிங்கர்பிரிண்ட்டை லேப் அட்மினிடம் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்க. பழகின சர்வருக்கே திடீர்னு 'பொட்டென்ஷியல் செக்யூரிட்டி ப்ரீச்' என்று வந்தா, சர்வர்ல ஓஎஸ்ஸை புதுசா போட்டிருக்கலாம், அந்த ஐபி வேற மெஷினுக்குப் போயிருக்கலாம். இல்லைன்னா நடுவில் ஒருத்தர் சர்வர் மாதிரி நடிச்சுக்கிட்டிருக்கலாம். இந்த மூணில் எது என்று புட்டிக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. அக்செப்ட் கொடுத்து பாஸ்வேர்டை அடிச்சா அது நேரா அந்தப் பக்கம் இருப்பவர் கைக்குப் போகும். அட்மினுக்கு ஒரு போன் போட்டு 'சார், சர்வர்ல ஏதாவது மாத்துனீங்களா?'ன்னு கேளுங்க. அவர் ஆமான்னு சொல்ற வரைக்கும் 'கேன்சல்'தான்.