பணி அனுபவம் எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது?

லயத்து வீடுகளில் வளர்ந்து, தோட்டத் தமிழ்ப்பள்ளியில் எழுத்தறிந்து, இன்று அரசாங்க அலுவலகங்களில் பணியாற்றும் பிள்ளைகள் நம்மிடையே பலர் உளர். அவர்களுள் ஒருவர் விடுமுறைக்கு வீடு திரும்பி, "எனக்குப் பின்னால் வந்தவருக்கு மேற்பதவி கிடைத்துவிட்டது, எனக்கு அனுபவம் போதாதாம்" என்று கூறும்போது, பெற்றோருக்கு அது எளிதில் விளங்குவதில்லை. ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவருக்கு அனுபவம் எவ்வாறு போதாமற் போகும்? பால்மரக் காட்டில் பத்தாண்டுகள் கத்தி பிடித்தவரின் கைப்பழக்கத்தை எவரும் ஐயுறுவதில்லை அன்றோ?

அரசாங்கப் பணியில் அனுபவம் என்பது கைப்பழக்கம் மட்டும் அன்று; அது விதியில் எழுதப்பட்ட ஒரு கணக்கும் ஆகும். அக்கணக்கு எந்த நாளில் தொடங்குகிறது என்பதில்தான் பூசல் எழுகின்றது. இதனை விளக்குவதற்கு, புதுச்சேரியில் தோன்றி இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கொன்றை இங்கு எடுத்துக்கொள்கிறோம். நம் முன்னோர் பலர் கப்பலேறிய நாகப்பட்டினத்திற்கு வடக்கே, அதே கடற்கரையில் அமைந்த ஊர் புதுச்சேரி.

அங்குப் பொதுப்பணித் துறையில் 'பிரிவு அலுவலர்' என்றொரு பதவி இருந்தது. சாலை, கட்டடம் முதலிய வேலைகளைக் களத்தில் நின்று மேற்பார்ப்பவர் இவர். இவருக்கு அடுத்த படி உதவிப் பொறியாளர் பதவி. அப்பதவிக்கு உயர இரண்டு வழிகளை விதி வகுத்திருந்தது. பொறியியல் பட்டம் பெற்றவராயின் பிரிவு அலுவலராக மூன்றாண்டுப் பணி போதும். டிப்ளோமா என்னும் பட்டயம் மட்டும் பெற்றவராயின் ஆறாண்டுப் பணி வேண்டும். பாதி இடங்கள் பட்டதாரிகளுக்கும் மறுபாதி பட்டயக்காரர்களுக்கும் என ஒதுக்கப்பட்டிருந்தன.

இதுவரை குழப்பம் ஏதுமில்லை. ஆனால் பட்டயத்துடன் வேலையில் சேர்ந்து, பணியில் இருந்தபடியே படித்துப் பட்டம் பெற்றவரை எந்த வழியில் நிறுத்துவது?

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒருவர் பட்டயத்துடன் சேர்ந்து நான்காண்டுகள் வேலை செய்கிறார். பகலில் பணி, மாலையில் படிப்பு. நான்காம் ஆண்டின் முடிவில் பட்டம் கைக்கு வருகிறது. அடுத்த மாதமே பட்டதாரிகளுக்கான இடமொன்று காலியாகிறது. அவரிடம் பட்டம் இருக்கிறது. மூன்றுக்கு மேற்பட்ட ஆண்டுப் பணியும் இருக்கிறது. எனவே தாம் தகுதியுடையவர் என்று அவர் கருதுகிறார். அலுவலகமோ, "பட்டம் பெற்ற பின்னர் மூன்றாண்டுகள் ஆகவேண்டும்" என்கிறது. அவ்வாறு எண்ணினால் அவருடைய அனுபவம் ஒரு மாதம்தான்! பட்டதாரி வழி அவருக்கு ஏழாம் ஆண்டின் முடிவில் திறக்கும். பட்டயக்காரர் வழியோ ஆறாண்டுகளிலேயே திறந்துவிடும். அப்படியாயின் இரவில் கண்விழித்துப் படித்ததன் பயன் என்ன என்று அவர் மனம் வெதும்புவது இயல்பே.

மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். முழுநேரம் கல்லூரியில் பயின்று, பட்டத்துடன் சேர்ந்து, மூன்றாம் ஆண்டை முடிக்கும் தறுவாயில் ஓர் இளைஞர் காத்திருக்கிறார். பட்டதாரிக்கு மூன்றாண்டு போதும் என்று விதி கூறுவது, பட்ட அறிவோடு செய்த வேலைக்கு மதிப்பு அதிகம் என்பதனால்தானே என அவர் வாதிடுகிறார். நேற்றுப் பட்டம் பெற்றவர் தமக்கு முன்னால் வந்து நிற்பது முறையன்று என்பது அவர் கட்சி.

இரு கட்சியிலும் நியாயம் உண்டு என்பதே நம் எண்ணம். நடுவர் மன்றமும் நீதிமன்றமும் இவ்வழக்கில் மாறுபட்டதும் அதனால்தான். சென்னையில் அமர்ந்த மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம், பட்டயத்துடன் சேர்ந்து பட்டம் பெற்றவர்களின் பக்கம் தீர்ப்பளித்தது. பட்டதாரிகள் மேல்முறையீடு செய்தனர். 1991ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, மூன்றாண்டுப் பணி பட்டம் பெற்ற நாளிலிருந்தே எண்ணப்படும் என்று கூறியது.

அதற்கு நீதிமன்றம் காட்டிய காரணத்தை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். அத்துறையில் நெடுங்காலமாகப் பட்டம் பெற்ற நாளிலிருந்தே எண்ணி வந்துள்ளனர். இதனைப் பட்டயக்காரர்களும் ஒப்புக்கொண்டிருந்தனர். விதியின் சொற்களுக்கு இரு பொருள் கொள்ள இடமிருந்து, அவற்றுள் ஒன்றைத் துறை நீண்ட காலம் பின்பற்றி வந்திருக்குமாயின், அதனை இப்பொழுது கலைத்தல் பொருந்தாது என்றது நீதிமன்றம். தோட்டத்தில் நிரை பிரிக்கும் வழக்கத்தைக் கங்காணி திடீரென மாற்றினால், பழைய முறையை நம்பியிருந்தவர் பாதிக்கப்படுவார் அல்லரோ? ஏறத்தாழ அத்தகைய நியாயமே இது.

இத்துடன் பூசல் ஓய்ந்துவிடவில்லை. மத்தியப் பிரதேசத்தில் இதே போன்ற வழக்கு எழுந்தது. அங்குப் பட்டதாரிக்கு எட்டாண்டும் பட்டயக்காரருக்குப் பன்னிரண்டு ஆண்டும் விதிக்கப்பட்டிருந்தன. ஆனால் அங்கு நிலவிய வழக்கம் நேர்மாறானது. பட்டத்திற்கு முந்திய பணியையும் சேர்த்தே எண்ணி வந்தனர். 1993ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்ற அவ்வழக்கில், அவ்வழக்கத்தையே உச்ச நீதிமன்றம் ஏற்றது. பின்னர் 2007ஆம் ஆண்டில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு இக்கேள்வியை மீண்டும் ஆராய்ந்தது. பட்டதாரிகளுக்கெனத் தனிப் பங்கு ஒதுக்கப்பட்டிருக்கும்போது, பட்டம் பெற்ற பின் செய்த பணியே கணக்கில் வரும் என்று அது கூறியது. ஆயினும் அந்தந்த விதியின் சொற்களையும் துறையின் வழக்கத்தையும் பொறுத்தே முடிவு அமையும் என்பதையும் விட்டுவிடவில்லை.

ஆகவே, "அங்கே அவருக்குக் கிடைத்தது, எனக்கு ஏன் இல்லை?" என்று வேறொரு துறையைச் சுட்டிக்காட்டுவது பெரும்பாலும் பயன் தருவதில்லை. அவர் துறையின் விதி வேறாக இருக்கலாம்.

தகுதி எந்த நாளில் இருந்திருக்க வேண்டும் என்பதும் முக்கியமே. இது பதவி உயர்வு பற்றியதன்று, புதிய நியமனம் பற்றியது. எனினும் பாடம் ஒன்றே. ஜம்மு காஷ்மீரில் பொறியாளர் வேலைக்கு விண்ணப்பித்த சிலரின் தேர்வு முடிவு, விண்ணப்பக் கடைசி நாளுக்குப் பின்னும் நேர்முகத் தேர்வுக்கு முன்னும் வெளிவந்தது. 1997ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், விண்ணப்பக் கடைசி நாளில் தகுதி இருந்ததா என்பதையே நோக்க வேண்டும் என்றது. தற்காலிகமாக மேற்பதவியைப் பார்த்துக்கொண்ட காலமும் இவ்வாறே சிக்கலானது. கங்காணி விடுப்பில் சென்றபோது பெரட்டுக் களத்தில் பெயர் வாசித்தவர் கங்காணியாகிவிட மாட்டார். விதி 'முறையான பணி' என்று கூறுமாயின் அக்காலம் பொதுவாகச் சேர்க்கப்படுவதில்லை.

மேற்கூறிய தீர்ப்புகள் இந்திய நாட்டுக்குரியவை. மலேசிய அரசாங்க ஊழியர்களை அவை கட்டுப்படுத்த மாட்டா. நம் நாட்டில் கூட்டரசு அரசியலமைப்பின் 144ஆம் பிரிவு, ஊழியர்களை நியமித்தல், நிலைப்படுத்தல், பதவி உயர்த்தல் முதலிய கடமைகளைச் சேவை ஆணையங்களிடம் ஒப்படைத்துள்ளது. பதவி உயர்வு வாரியங்களும், அவற்றின் முடிவால் மனக்குறை கொண்டவர் அணுகுவதற்கு மேல்முறையீட்டு வாரியமும் உள்ளன. எனினும் கேள்வி இங்கும் அதுவேதான்: விதியில் எத்தனை ஆண்டு என்று மட்டும் உள்ளதா, எந்தப் பதவியில், எந்தத் தகுதியுடன், எந்த நாள் வரை என்றும் உள்ளதா?

எனவே பணியில் இருந்துகொண்டே மேற்படிப்பில் சேரும் பிள்ளைகள், கட்டணம் செலுத்துவதற்கு முன்பே தம் பணித் திட்டத்தின் பதவி உயர்வு நிபந்தனையை அலுவலகத்தில் கேட்டுப் படித்துக்கொள்ளலாம். புரியாத இடத்தை எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலமே விடை பெறுதல் நன்று. வாய்ச்சொல் பின்னாளில் சான்றாக நில்லாது. தேர்வு முடிவு வந்தவுடன், பட்டமளிப்பு விழாவுக்குக் காத்திராமல், அதன் படியை அலுவலகத்தில் ஒப்படைத்துத் தேதி முத்திரையுடன் பற்றுச்சீட்டு வாங்கவேண்டும். தம் பணிப் பதிவேட்டில் அத்தகுதி ஏறியுள்ளதா, எந்தத் தேதியிட்டு ஏறியுள்ளது என்பதையும் அடுத்த சில வாரங்களுக்குள் நேரில் சென்று பார்த்துவிட வேண்டும்.