துப்பாக்கியோடு சாப்பிட வருகிறவர்

1881-ல் அரிசோனாவின் டூம்ஸ்டோன் ஊருக்குள் குதிரையில் வந்து இறங்குகிறவர், லாயத்திலோ விடுதியிலோ துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டுத்தான் தெருவில் நடமாடலாம். அந்த ஊர் நிர்வாகம் போட்ட சட்டம் அது. அந்த அக்டோபர் 26 அன்று ஓகே கொரால் கொட்டடிக்குப் பக்கத்தில் நடந்து, பிறகு எத்தனையோ சினிமாக்களில் வந்த சண்டையே, துப்பாக்கியை வாங்கி வைக்கப் போன இடத்தில் மூண்டதுதான். கான்சாஸின் டாட்ஜ் சிட்டியிலும் ஆயுதம் ஏந்தத் தடை என்ற பலகை கடைத்தெருவில் நின்றது. சினிமா காட்டிய மேற்கு வேறு, ஊர் நடத்தியவர்களுக்குத் தெரிந்த மேற்கு வேறு.

டெக்சாஸ் இன்னும் கண்டிப்பாக இருந்தது. உள்நாட்டுப் போர் முடிந்து கொலை மலிந்திருந்த காலம். 1870-ல் தேவாலயம், பள்ளி, நடன அரங்கு, விருந்து என்று நாலு பேர் கூடும் இடங்களில் ஆயுதத்துக்குத் தடை வந்தது. மறு ஆண்டு, கைத்துப்பாக்கியை உடம்போடு வைத்துக்கொண்டு வெளியே போவதே குற்றமானது. வழிப்பயணிகள், உயிருக்கு உடனடி ஆபத்து இருப்பவர்கள் போன்ற சிலருக்கே விலக்கு. இந்த ஏற்பாடு நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. அத்தனை காலமும் ஓட்டல்காரர் இதைப் பற்றி வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. சட்டம் அவருக்காகப் பேசிவிட்டது.

அதைப் புரட்டிப்போட்டது ஒரு மதியம். 1991 அக்டோபர் 16, புதன்கிழமை. டெக்சாஸின் கில்லீன் நகரில் லூபிஸ் என்ற கஃபெட்டீரியா. தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நகர்ந்து, வேண்டியதை வாங்கிப்போய் உட்காரும் வகை இடம். அன்று மேலதிகாரிகள் தினம் என்பதால் வழக்கத்தைவிடக் கூட்டம். ஒருவன் தன் பிக்கப் வண்டியைக் கண்ணாடிச் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே ஏற்றி, இறங்கிச் சுடத் தொடங்கினான். 23 பேர் இறந்தார்கள்.

அங்கே தன் அப்பா அம்மாவோடு சாப்பிட வந்திருந்தார் சூசானா கிராட்டியா என்ற பெண். அவரிடம் ரிவால்வர் இருந்தது. ஆனால் அது வெளியே நின்ற காரில் இருந்தது. உடம்பில் வைத்திருந்து பிடிபட்டால் தன் மருத்துவத் தொழில் உரிமம் பறிபோகும் என்று பயந்து அங்கேயே விட்டிருந்தார். கவிழ்த்த மேசைக்குப் பின்னால் இருந்தபடி கைப்பைக்குள் கைவிட்ட பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. அப்பா கொலைகாரனை நோக்கி ஓடி, சுடப்பட்டு விழுந்தார். உடைந்த ஜன்னல் வழியே சூசானா தப்பினார். அம்மா பின்னால் வருவதாக நினைத்திருந்தார். அம்மா வரவில்லை, கணவர் தலையை மடியில் ஏந்தி உட்கார்ந்துவிட்டார். அவரையும் அவன் சுட்டுக் கொன்றான்.

இந்தச் சாட்சியத்தை எதிர்கொள்ளாமல் யாரும் இந்த விவாதத்தில் பேசிவிட முடியாது, பேசவும் கூடாது. சூசானா சட்டமன்றக் குழுக்களின் முன் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆயுதம் கையில் இருந்திருந்தால் பிழைத்திருப்பார்களா என்பது நிச்சயமில்லை என்பதையும் அவரே சொன்னார்; வாய்ப்பாவது கிடைத்திருக்கும், அதைச் சட்டம் பறித்தது என்பது அவர் வாதம். 1993-ல் ஆளுநர் ஆன் ரிச்சர்ட்ஸ், துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்வது தொடர்பான மசோதாவை நிராகரித்தார். 1994 தேர்தலில் அவர் தோற்றார். வென்ற ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 1995-ல் அதை அனுமதிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். மறைத்து எடுத்துச்செல்லும் உரிமம் 1996 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு சூசானா சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அந்த உரிமம் சும்மா கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வகுப்பு, குறிபார்த்துச் சுடும் தேர்வு, கைரேகை, 140 டாலர் கட்டணம். உரிமம் பெற்றவர்கள் குற்றங்களில் தண்டிக்கப்படுவது மற்றவர்களைவிட மிகக் குறைவு என்பதை அந்த மாநில அரசே வெளியிடும் ஆண்டுக் கணக்கு காட்டுகிறது. ஆகவே உரிமதாரர்களை ரவுடிகளாகப் பார்ப்பது அநியாயம். என் கவலை அவர்கள் குணத்தைப் பற்றியது இல்லை. மௌனம் சம்மதம் என்று சட்டம் எடுத்துக்கொண்ட விதத்தைப் பற்றியது. முன்பு ஓட்டல்காரர் பேசாமல் இருந்தால் துப்பாக்கி உள்ளே வராது. இப்போது பேசாமல் இருந்தால் வரும்.

வேண்டாம் என்று சொல்வதற்கும் டெக்சாஸில் முறை உண்டு. அதற்கான பலகையைச் சட்டப்பிரிவின் எண்ணாலேயே ‘30.06’ என்கிறார்கள். நன்றி, துப்பாக்கி வேண்டாம் என்று ஒரு வரி எழுதி ஒட்டினால் அந்தப் பலகை ஆகாது. சட்டத்தில் உள்ள வாசகம் அப்படியே இருக்க வேண்டும், ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும், பின்னணியில் பளிச்சென்று தெரியும் நிறத்தில், ஒவ்வொரு எழுத்தும் குறைந்தது ஓர் அங்குல உயரம். 2016-ல் இடுப்பு உறையில் வெளியே தெரியும்படி எடுத்துச்செல்ல அனுமதி வந்ததும் அதற்குத் தனியாக ‘30.07’. 2021 செப்டம்பர் முதல் உரிமமே வேண்டாம், 21 வயதானால் போதும் என்றானது. அவர்களுக்கு இன்னொன்று, ‘30.05’. மூன்றையும் மாட்டினால் கதவில் கண்ணாடி மிச்சமிருக்காது. இர்விங்கிலும் பிளேனோவிலும் நம்மவர்கள் நடத்தும் தோசைக் கடைகளுக்கும் இதே விதிதான். இவை போக, வருமானத்தில் 51 சதவீதமோ அதற்கு மேலோ அங்கேயே குடிக்கும் மதுவிலிருந்து வந்தால், அந்த இடத்தில் சிவப்பு எழுத்தில் ‘51%’ பலகை கட்டாயம். அங்கே துப்பாக்கிக்கு இடமில்லை. மதுவில் பாதிக்குக் குறைவாகச் சம்பாதிக்கும் கடையில் பீர் ஊற்றும் மேசைக்குத் துப்பாக்கி வரலாம்.

வர்ஜீனியாவில் ஒரு காலத்தில் இதைவிட விநோதம். மது விற்கும் ஓட்டலுக்குள் துப்பாக்கியை மறைத்து எடுத்துப்போகத் தடை. வெளியே தெரியும்படி எடுத்துப்போகத் தடையில்லை. அதனால் உரிமம் வைத்திருந்தவர் வாசலில் சட்டையை ஒதுக்கி, துப்பாக்கி தெரியும்படி செய்துகொண்டு உள்ளே போவார். 2010-ல் மறைத்து எடுத்துப்போகவும் அனுமதித்தார்கள். சுமப்பவர் குடிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

டென்னசியில் நடந்ததுதான் முழுச் சண்டை. 2009-ல் மது பரிமாறும் உணவகங்களில் உரிமதாரர்களை அனுமதிக்கும் மசோதாவை ஆளுநர் ஃபில் பிரெடசன் நிராகரித்தார். சட்டமன்றம் அவர் தடையை மீறி நிறைவேற்றியது. நாஷ்வில்லில் ஓட்டல் நடத்திய ராண்டி ரேபர்ன் போன்றவர்கள் வழக்குப் போட்டார்கள். சாப்பாடு பிரதான வியாபாரமாக இருக்கும் இடத்துக்கு மட்டும் அனுமதி என்றது சட்டம். எந்தக் கடைக்கு எது பிரதானம் என்று வாசலில் நிற்கிறவருக்கு எப்படித் தெரியும்? தெளிவில்லை என்று நவம்பரில் நீதிமன்றம் ரத்து செய்தது. மறு ஆண்டு சட்டமன்றம் அந்த வேறுபாட்டையே எடுத்துவிட்டு, மது விற்கும் எல்லா இடங்களுக்கும் திறந்துவிட்டது. மறுபடி நிராகரிப்பு, மறுபடி மீறல். மசோதாவை முன்னின்று கொண்டுவந்த உறுப்பினர் கரி டாட், 2011 அக்டோபரில் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகக் கைதானார். குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கி இருக்கைக்குப் பக்கத்தில் இருந்தது. ஒருவர் தவறை வைத்து எல்லோரையும் எடைபோட நான் தயாரில்லை. ஆனால் மதுவும் ஆயுதமும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதில் என்ன ஆபத்து என்று எதிர்த்தவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது.

அதே நாஷ்வில்லில், 2018 ஏப்ரல் 22 விடியற்காலையில், வாஃபிள் ஹவுஸ் கடை ஒன்றில் ஏ.ஆர்.-15 ரகத் துப்பாக்கியோடு வந்தவன் நால்வரைக் கொன்றான். அவனிடமிருந்து துப்பாக்கியைப் பறித்து அடுப்பு மேடைக்கு அப்பால் வீசியவர் ஜேம்ஸ் ஷா என்ற 29 வயது வாடிக்கையாளர். அவரிடம் ஆயுதம் எதுவும் இல்லை. சுடாமல் நின்ற ஒரு கணத்தில் பாய்ந்து, சூடான குழலைக் கையால் பிடித்துப் பறித்தார். கொலைகாரனின் துப்பாக்கிகளை அதற்கு முந்தைய ஆண்டே இல்லினாய் அதிகாரிகள் வாங்கிவைத்து அவன் தந்தையிடம் கொடுத்திருந்தார்கள். தந்தை திருப்பிக் கொடுத்துவிட்டார். கில்லீனை ஒரு தரப்பும் நாஷ்வில்லை மறு தரப்பும் சான்றாகக் காட்டுகின்றன. ஒரு நாளின் துணிச்சலையோ ஒரு நாளின் இயலாமையையோ வைத்து, வருஷம் முழுவதும் நடக்கும் மதியச் சாப்பாட்டுக்கு விதி எழுத முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அன்றாடத்தில் நடப்பது வேறு. 2014-ல் டெக்சாஸில் நீண்ட ரைஃபிள்களைத் தோளில் மாட்டிக்கொண்டு உரிமைப் போராட்டக்காரர்கள் சிபோட்லே, சில்லிஸ் கடைகளுக்குள் போனார்கள். சட்டப்படி தவறில்லை. அந்த மே மாதம் சிபோட்லே நிறுவனம் தயவுசெய்து துப்பாக்கி கொண்டுவராதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. ஸ்டார்பக்ஸ் தலைவர் ஹவர்ட் ஷுல்ட்ஸ் முந்தைய ஆண்டே இதைக் கேட்டு பகிரங்கக் கடிதம் எழுதியிருந்தார். அதுவும் வேண்டுகோள்தான், தடை என்று போட்டால் ஆயுதம் வைத்திருப்பவரிடம் போய்ச் சொல்லும் வேலை தன் ஊழியர்கள் தலையில் விழும் என்று அதிலேயே எழுதியிருந்தார். என்னை உறுத்துவது அதுதான். பலகை இல்லாத கடையிலும், வாய்மொழியாகச் சொன்னால் வந்தவர் வெளியேற வேண்டும் என்கிறது டெக்சாஸ் சட்டம். சொல்வது யார்? முதலாளி வீட்டில் இருப்பார். டிப்ஸை நம்பி வாழும் சர்வர்தான் அந்த மேசைக்குப் போக வேண்டும்.

இன்று 29 மாநிலங்களில் உரிமமே தேவையில்லை. 2022-ல் உச்ச நீதிமன்றம் ப்ரூயன் வழக்கில், தக்க காரணம் காட்டினால்தான் அனுமதி என்ற நியூயார்க்கின் நூறாண்டுப் பழைய முறையைச் செல்லாது என்றது. அதன் பிறகு ஹவாய் 2023-ல் பழைய விதியின் ஒரு துண்டை மீட்டெடுத்தது: பொதுமக்கள் வந்துபோகும் தனியார் இடங்களில், உரிமையாளர் சரி என்று சொன்னால் மட்டுமே துப்பாக்கி. கலிபோர்னியாவும் அப்படிச் செய்தது. ஆனால் சம்மதத்தைப் பலகையில்தான் காட்ட வேண்டும் என்றது. 2024-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஹவாயின் விதியை ஏற்று, கலிபோர்னியாவின் விதியை நிறுத்தியது. ஹவாய் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

நான் ஹவாய் பக்கம். துப்பாக்கி வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அது யாரிடமும் சொல்லவில்லை. கொண்டுவருகிறவரே உள்ளே வரலாமா என்று முதலில் கேட்கட்டும் என்கிறது. பெயரெழுதிய அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு காபி ஊற்றும் பெண், அவர் உட்கார்ந்த பிறகு போய்க் கேட்பதைவிட அது நியாயம்.